கூட்டத்துக்கு வராதவர்கள்

நான் இப்போது குடியிருக்கும் கே.கே. நகர்ப் பகுதியில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு கம்பெனியை அமர்த்தியிருக்கிறார்கள். கழுத்தில் அட்டை மாட்டிய இளைஞர்கள் வீடுவீடாக வந்து படிவம் கொடுத்தார்கள். நான் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, "என்ன சார், புரியலையா?" என்று ஒருவர் கேட்டார். "நானும் இந்த வேலைதான் தம்பி பார்த்தேன்" என்றேன். "கன்சல்டன்சியா? அப்பவேயா?" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். அவர் கேட்டுக்கொண்டதால்தான் இதை எழுதுகிறேன். அவருக்கு உபயோகப்படுமா என்று தெரியாது. அந்த நாட்களில் நாங்கள் செய்தது இன்னதென்று எனக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

கட்டடப் படம் வரைவதற்கான படிப்பை இரண்டு வருஷத்தில் முடித்தேன். பிறகு சர்வே கற்றுக்கொண்டு, கொஞ்ச காலம் கான்ட்ராக்டர்களிடம் வேலை பார்த்தேன். இதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஐம்பதுகளின் நடுவில், ஸ்ரீரங்கத்துக்காரரான சம்பத் என்ற இன்ஜினீயரிடம் சேர்ந்தேன். சர்க்கார் உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்தவர் அவர். சின்ன ஊர்களுக்கும், இன்ஜினீயர் வைத்துக்கொள்ள வசதியில்லாத சங்கங்களுக்கும் யோசனை சொல்ல ஓர் ஆபீஸ் வேண்டும் என்பது அவருடைய எண்ணம். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியில் ஆபீஸ் போட்டார். பள்ளிக்கூடக் கட்டடம், வாசகசாலை, சிறு பாலம் என்று அவர் யோசனை சொல்வார், நான் படம் போடுவேன்.

அந்த ஆபீஸ் ஒரு சந்தையால் மூடப்பட்டது. ஓர் ஊருக்கு வாரச்சந்தைக் கட்டடம் திட்டம் போட்டுக் கொடுத்தோம். தூண், ஓட்டுக்கூரை, சிமெண்ட் மேடை எல்லாம் வைத்த அழகான கட்டடம். திறந்து ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், வியாபாரிகள் எல்லாரும் பழைய புளியமரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கட்டடத்தில் ஆடுகள் படுத்திருந்தன. ஒரு வெங்காய வியாபாரியிடம் காரணம் கேட்டேன். "வண்டி திரும்ப எடமில்லீங்களே. மாட்டை அவுத்துட்டு நாங்களா இழுக்கிறது?" என்றார். சம்பத் சார் அந்த மேடையில் ஏறி, ஆடுகளுக்கு நடுவே வெகுநேரம் நின்றார். இரண்டு மாதத்தில் வடக்கே ஓர் இரும்பாலையில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் பழையபடி கான்ட்ராக்டர்களிடம் போனேன்.

பஞ்சாயத்து யூனியன்கள் வந்த பிறகு, அறுபதுகளின் தொடக்கத்தில், என் பாலக்கரை வீட்டுக்கு ஓர் அம்மாள் வந்தார். ஒன்பது கெஜப் புடவையை விட்டுவிட்டுக் கதர்ப் புடவைக்கு மாறியவர். கையில் துணிப்பை.

"கரீம்ங்கறது நீங்கதானே? நான் சம்பத்தோட தங்கை, வேதவல்லி. அண்ணா மூடின ஆபீஸைத் திரும்பத் திறக்கப் போறேன். நீங்க வந்தா சௌகரியமா இருக்கும்."

வேதவல்லி அம்மா என்னைவிட இரண்டு வயது இளையவர். கிராம சேவிகைகளுக்கு மேலதிகாரியாகச் சில வருஷம் ஊர் ஊராகச் சுற்றியவர். மேலிடத்தோடு ஒத்துப்போகாமல் ராஜினாமா செய்தவர். இன்ஜினீயரிங் படித்தவர் இல்லை.

"யோசனை யார் சொல்லுவாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்ல வேண்டாம். அண்ணா யோசனை சொல்லித்தானே ஆடு படுத்துண்டுது? நாம கேள்வி கேக்கலாம். அவா வாயாலேயே பதில் வரட்டும். அதை நீங்க படமாப் போடுங்கோ."

அவர் போன பிறகு என் மனைவி மெஹருன்னிஸா, "கேள்வி கேக்குறதுக்கு ஒரு ஆபீஸா? அதுக்கு நீங்க எதுக்கு?" என்று கேட்டாள். ஆனாலும் சேர்ந்தேன். கான்ட்ராக்டர்கள் தந்ததைப் படமாகப் போட்டுப் போட்டு அலுத்துப்போயிருந்தது என்பது ஒன்று. அந்தச் சந்தை மேடையில் சம்பத் சார் நின்ற நிலை மனதை விட்டுப் போகவில்லை என்பது இன்னொன்று.

அதே பாத்திரக்கடை மாடியில் ஆபீஸ் திரும்பத் திறந்தது. போர்டு எழுத வந்த பெயிண்டர் ஏணியில் நின்றபடி, "என்ன ஆபீஸுன்னு போடட்டும்?" என்று கேட்டார். வேதவல்லி அம்மா யோசித்து, "ஊர் ஆலோசனை நிலையம்" என்றார். அது வினையாகப் போயிற்று. முதல் நாள் லால்குடியிலிருந்து ஒருவர் பெண்ணின் ஜாதகத்தோடு வந்தார். மறுநாள் வந்தவருக்குத் தம்பியோடு பாகத் தகராறு. மூன்றாம் நாள் வந்தவர் எந்தக் கட்சி ஆபீஸ் இது என்று விசாரித்துவிட்டு, எந்தக் கட்சியும் இல்லை என்றதும் நம்பாமல் போனார். ஜாதகக்காரரை வேதவல்லி அம்மா உடனே அனுப்பவில்லை. பெண் என்ன படித்திருக்கிறாள், அவளுக்கு என்ன விருப்பம் என்று அரைமணி நேரம் கேட்டார். அவர் இன்னும் குழம்பி, "நீங்க ஒண்ணுமே சொல்லலியேம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஊர்களிலும் அதே கதைதான். நாங்கள் போய் இறங்கினால், கான்ட்ராக்டரா, சர்க்காரா, எலெக்ஷனா என்று கேட்பார்கள். இல்லை, இல்லை, இல்லை என்போம். "அப்ப யாருங்க நீங்க?" என்பார்கள். நான் மேடுபள்ளம் அளக்கும் டம்பி லெவல் கருவியை முக்காலியில் மாட்டத் தொடங்கினால்தான் கொஞ்சம் மரியாதை வரும். பித்தளைக் குழாய்க்குக் கிடைத்த நம்பிக்கை எங்கள் இருவருக்கும் கிடைத்ததில்லை.

ஆனால் அவருக்கு ஒரு முறை இருந்தது. தினமும் காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வருவார். ஓர் ஊருக்குப் போனால் முதலில் யார் வீட்டிலும் உட்கார மாட்டார். தண்ணீர்ப் பிரச்சினை என்றால், தண்ணீர் எடுக்கிற பெண்களோடு குடத்துக்குப் பின்னால் நடப்பார். எத்தனை நடை, எந்த இடத்தில் குடத்தை இடுப்பு மாற்றுகிறார்கள் என்று நோட்டில் எழுதுவார். பிறகு பள்ளிக்கூடத்தில் கூட்டம். தலைவர்கள் பேச எழுந்தால், "ஒரு நிமிஷம் இருங்கோ, தண்ணி எடுக்கறவா முதல்ல பேசட்டும்" என்பார். குரலை உயர்த்த மாட்டார். பதில் வராவிட்டால் அடுத்த கேள்விக்குப் போகாமல் சும்மா இருப்பார். அந்த மௌனம் தாங்காமல் யாராவது பேசிவிடுவார்கள். கடைசியில் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டி, "இதுதானே சொன்னேள்?" என்று கேட்பார். அதற்கு மேல் நான் அளந்து, சரிபார்த்து, ட்ரேசிங் துணியில் இந்தியன் இங்கால் படம் போடுவேன். இரண்டு வருஷத்தில் நாலைந்து ஊர்களில் இது நன்றாகவே வேலை செய்தது. ஒரு படித்துறை, ஒரு பால்வாடி, ஒரு சின்னப் பாலம். ஆடு எதிலும் படுக்கவில்லை.

பிறகு அந்தக் கிணறு வந்தது. ஊர்ப்பெயர் வேண்டாம். கொள்ளிடத்துக்கு வடக்கே, மண்ணச்சநல்லூரைத் தாண்டி, நெல் அரைக்கும் மில்கள் உள்ள சின்ன ஊர். மில்லில் புழுங்கலுக்காக நெல் ஊறவைத்த தண்ணீரைத் திறந்து விடுவார்கள். புளித்த வாடை அடிக்கும் அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாகப் பெரிய தெருவை ஒட்டி ஓடி, தெருக்கிணற்றில் கசிந்துவிட்டது. புதுக் கிணற்றுக்கு இடம் காட்டித் தரும்படி பஞ்சாயத்திலிருந்து கடிதம் வந்தது.

கூட்டத்தில் பெரிய தெருப் பெண்கள் நன்றாகப் பேசினார்கள். செல்லம்மாள் என்பவர், "சோத்துல நாத்தம், மோர்ல நாத்தம். பச்சப்புள்ளைக்கு வயித்தால போவுது. எங்க வேணா தோண்டுங்க, நடந்து போயி எடுத்துக்குறோம்" என்றார்.

நான் இரண்டு நாள் லெவல் எடுத்தேன். தெருவுக்குள் எங்கே தோண்டினாலும் அந்தக் கசிவு வரும், சரிவு அப்படி. வாய்க்காலுக்கு அந்தப்புறம், மேட்டில் மட்டும்தான் நல்ல ஊற்று. அங்கே ஏற்கெனவே ஒரு கிணறு இருந்தது. அது சேரி மக்களின் கிணறு. அதன் ஆழம் பார்க்கக் கயிறு போதாமல், அங்கே நின்ற காத்தாயி என்ற பெண்ணிடம் கயிறு கேட்டேன். தாராளமாகக் கொடுத்தார். "எதுக்குங்க அளக்குறீங்க?" என்று கேட்டார். "சும்மா, ஒரு கணக்குக்கு" என்றேன். பக்கத்து வயல் கிணற்றில் ஆயில் இன்ஜின் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. அது ஓடும்போது இந்தக் கிணற்றில் தண்ணீர் ஒரு முழம் இறங்கியது, நின்றதும் ஏறியது. 'மேட்டில் எங்கும் ஊற்று ஒன்றே' என்று ஃபீல்டு புக்கில் பென்சிலால் எழுதிக்கொண்டேன்.

படத்தில், அந்தக் கிணற்றுக்கு நாற்பது அடி தள்ளி ஒரு வட்டம் போட்டேன். தண்ணீர் நல்லது, நிலம் புறம்போக்கு, தெருவுக்கு நடக்கும் தூரம். எல்லாம் சரியாக இருந்தது.

வேதவல்லி அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இங்கே ஒரு கிணறு இருக்கே, அது யாரோடது?"

சொன்னேன்.

"அவா கூட்டத்துக்கு வரலியே?"

"பஞ்சாயத்துல கூப்பிடலம்மா. பட்டியல் அவங்க கொடுத்ததுதானே."

அவர் முகம் மாறியது. "தண்ணி எடுக்கறவா பேசணும்னு ஊரெல்லாம் சொல்லிண்டு திரியறேன். எல்லாரையும் கேட்டாச்சுன்னு நினைச்சுண்டேன். இதை அனுப்பாதீங்கோ. முதல்ல அவாளைக் கூட்டிப் பேசணும். மில்காரா யாரும் வரலியே, அவாளையும் கூப்பிடணும். அந்தத் தண்ணியை வேற பக்கம் திருப்பினா கிணறே வேண்டாமோ என்னவோ."

பஞ்சாயத்துக்கு எழுதினார். பதில் இல்லை. மார்கழி பிறந்தது. வைகுண்ட ஏகாதசி உற்சவம் என்று வேதவல்லி அம்மா சில நாள் ஆபீஸுக்கு வரவில்லை. அப்போது பஞ்சாயத்துத் தலைவர் நேரில் வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். களைத்துப் போயிருந்தார்.

"பாய், நாங்க கேட்டது கிணத்துக்கு எடம். அந்தம்மா ஊரைக் கூட்டிச் சண்டை மூட்டச் சொல்லுது. தெருவுல மூணு புள்ளைங்க படுத்துக் கெடக்கு. எங்க மேப்ப எங்ககிட்ட கொடுங்க."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வேலை கொடுத்தவர் அவர், படம் அவருடையது என்று ஒரு பக்கம் தோன்றியது. அனுப்பாதே என்று சொன்ன குரல் இன்னொரு பக்கம். செல்லம்மாள் சொன்ன பச்சைக் குழந்தை மூன்றாவது பக்கம். ஸ்ரீரங்கம் போய்க் கேட்டு வந்திருக்கலாம், பஸ்ஸில் அரைமணிதான். போகவில்லை. படத்தை எடுத்துச் சுருட்டிக் கொடுத்தேன். ஃபீல்டு புக்கில் எழுதியிருந்ததை அவரிடம் சொல்லவும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அவர் கேட்கவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

வேதவல்லி அம்மா திரும்பி வந்ததும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, "நான் இருந்திருந்தா மட்டும் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கும் தெரியலை கரீம்" என்றார். அது திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

தை, மாசியில் கிணறு தோண்டினார்கள். சுற்றி முள்வேலி போட்டுக் கதவும் வைத்தார்கள். பெரிய தெருப் பிள்ளைகளுக்கு உடம்பு தேறியது. அதையும் சொல்ல வேண்டும். சித்திரையில், பெரிய தெருக்காரர்கள் காலையிலும் மாலையிலும் இறைக்க இறைக்க, சேரிக் கிணறு வற்றிவிட்டது. சேறு மட்டும்தான்.

காத்தாயியும் இன்னும் இரண்டு பேரும் ஆபீஸைத் தேடிக்கொண்டு வந்தார்கள். மாடிப்படியிலேயே நின்றார்கள். உள்ளே வரச் சொல்லி வேதவல்லி அம்மாவே நாற்காலிகளை இழுத்துப் போட்டார். காத்தாயி உட்காரவில்லை. என்னைப் பார்த்தார்.

"எங்கிட்டதானுங்க கவுறு வாங்கினீங்க. அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"இவாளுக்காக ஒரு மனு எழுதலாம்" என்றார் வேதவல்லி அம்மா. "பொதுப் பணத்துல வெட்டின கிணறு, வேலி போட்டது தப்புன்னு எழுதலாம். ஆனா ரெண்டு கிணத்துக்கும் ஊற்று ஒண்ணுன்னு யார் சொல்றது?"

எனக்குத் தெரியும் என்றேன். அந்த ஃபீல்டு புக்கை எடுத்துக் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கத்தைப் படித்தார். மறுபடி படித்தார். "இதை முன்னாடியே எழுதியிருக்கேளே" என்று மட்டும் சொன்னார். மனுவோடு என் வாக்குமூலத்தையும் சேர்த்து அனுப்பினோம். எங்களுக்கு வேலை கொடுத்த பஞ்சாயத்துக்கு எதிராக, எங்கள் படத்துக்கே எதிராக நாங்கள் எழுதிய மனு அது. நாங்கள் யார் பக்கம் என்று கேட்டால் அப்போது என்னால் சொல்லியிருக்க முடியாது.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். கிணற்றடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தலைவர் என் படத்தை விரித்து, "ஆலோசனை நிலையம் காட்டின எடம்தாங்க" என்றார்.

"இந்த மேப்பை யார் போட்டது?"

"நான்தாங்க."

"அந்தக் கிணறு வத்திப்போகும்னு அப்பவே தெரியுமா?"

"தெரியுங்க."

"அப்புறம் ஏன் இந்த இடத்தைக் காட்டினீங்க?"

சுற்றி இரண்டு தரப்பு ஜனமும் நின்றது. "கிணத்துக்கு எடம் கேட்டாங்க. நல்ல எடத்தைக் காட்டினேன். இன்னொரு கிணத்துக்கு என்ன ஆகும்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல. அது என் தப்புங்க" என்றேன். அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். தலைவர் காறித் துப்பிவிட்டு நகர்ந்தார். அந்தத் தலைவர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ஒரு வருஷத்துக்கு எந்தப் பஞ்சாயத்தும் எங்களைக் கூப்பிடவில்லை. மாதர் சங்கங்களும் நெசவாளர்களும் கொடுத்த சின்னச் சின்ன வேலைகளில் ஓட்டினோம்.

அந்த ஒரு வருஷத்தில்தான் எங்கள் முறை மாறியது. ஒவ்வொரு அறிக்கையிலும் முதல் பக்கத்தில் 'கூட்டத்துக்கு வராதவர்கள்' என்று ஒரு தலைப்புப் போட்டு, அதன் கீழே நாங்கள் கேட்காமல் விட்டவர்களை எழுத ஆரம்பித்தோம். எளிதாக இருக்கும் என்று நினைத்தோம். மேலே உள்ள கிராமத்துக்காரர், கீழ்மடைக்காரர், அறுவடைக்கு மட்டும் வருகிறவர்கள், பிரசவத்துக்குப் போயிருக்கும் பெண்கள் என்று எழுத எழுத வளர்ந்தது. சில சமயம் அறிக்கையைவிட அந்தப் பக்கம் நீளமாக இருக்கும். "இதைப் பார்த்தா ஒரு வேலையும் நடக்காது போலிருக்கே" என்று வேதவல்லி அம்மாவே சலித்துக்கொள்வார். ஆனாலும் எழுதாமல் விட்டதில்லை. அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு எப்போது போதும் என்று நிறுத்துவது என்பதை, ஆபீஸ் நடந்த கடைசி நாள்வரை எங்களால் முடிவுசெய்ய முடியவில்லை.

உத்தரவு வந்த பிறகு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கிணறு எல்லாருக்கும் பொது, வேலியை எடுக்க வேண்டும் என்று உத்தரவு. மில்காரர்களுக்கும் தண்ணீரைத் திருப்பிவிடச் சொல்லி நோட்டீஸ் போனது. மில் தண்ணீர் நிஜமாகத் திரும்ப வருஷங்கள் ஆயின. வேலி எடுத்த மறுநாள் காலை நானும் வேதவல்லி அம்மாவும் போயிருந்தோம். தகராறு வரும் என்று போலீஸ்காரர் ஒருவரும் நின்றார்.

காத்தாயி குடத்தோடு வந்து சகடையில் கயிறு போட்டார். பெரிய தெருப் பெண்கள் பத்தடி தள்ளி நின்றார்கள். சகடை கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. காத்தாயி மூன்று குடம் எடுத்து முடித்தார். பிறகு செல்லம்மாள் முன்னே வந்தார். ஒரு வாளி இறைத்து, கிணற்று விளிம்பையும் சகடையையும் நன்றாக ஊற்றிக் கழுவினார். அதற்குப் பிறகு தன் குடத்தை நிரப்பினார். காத்தாயி பார்த்துக்கொண்டே நின்றார்.

"இது சரிதானாம்மா?" என்று வேதவல்லி அம்மாவிடம் கேட்டேன். காத்தாயிதான் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "கழுவிட்டுப் போறாங்க, விடுங்க. நாளைக்கும் வருவேன். எத்தினி நாளைக்குக் கழுவுவாங்க?"

ஆபீஸுக்குத் திரும்பியதும், ஃபைலை மூடுவதற்காக ஒரு வரி எழுதச் சொன்னார் வேதவல்லி அம்மா. பேனாவை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். "கிணறு பொதுவாயிற்று" என்றார். எழுதினேன். "வேண்டாம், அடிச்சுடுங்கோ" என்றார். அடித்தேன். "ஊர் ஒத்துக்கொண்டது" என்றார். எழுதுவதற்குள், "அதுவும் பொய்" என்று தடுத்தார். கீழே பாத்திரக்கடையில் யாரோ அண்டாவைத் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓய்கிறவரை அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதினேன்.

"இன்று காலை இரண்டு தரப்பாரும் தண்ணீர் எடுத்தார்கள்."